பின்னணியில் ஒரு தோட்டம்

சனிக்கிழமை காலையில் மலாக்காவின் டச்சுச் சதுக்கத்துக்குப் போனால் கல்யாணப் பெண்களைப் பார்க்காமல் திரும்ப முடியாது. 1753இல் டச்சுக்காரர்கள் கட்டி முடித்த கிறிஸ்து தேவாலயத்தின் சிவப்புச் சுவர்தான் அவர்களுக்குத் திரைச்சீலை. வெள்ளைக் கவுன் அணிந்த சீனப்பெண், சொங்கேட் உடுத்திய மலாய்ப்பெண், காஞ்சிபுரம் கட்டிய நம்ம வீட்டுப் பெண் எல்லாரும் தங்கள் முறைக்குக் காத்திருப்பார்கள். பொம்மைகளால் அலங்கரித்த மூன்று சக்கர ரிக்‌ஷாக்கள் பாட்டை அலறவிட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும். நானும் அந்தச் சுவருக்கு முன்னால் பல ஜோடிகளை நிறுத்திப் பிழைத்தவன்தான். அன்று நிற்காமல் கடந்தேன். போக வேண்டிய இடம் தெற்கே, ஜோகூர் எல்லையை ஒட்டிய சுங்கை ரம்பாய்.

மணப்பெண் கோலாலம்பூரில் கணக்காளர். அவளோடு வேலை செய்யும் ஒருத்தி இத்தாலியக் கடற்கரையில், அமால்ஃபி மலைச்சரிவில் இருக்கும் ஒரு ஊரில் கல்யாணம் முடித்துத் திரும்பியிருந்தாள். அலுவலகம் முழுக்க அந்தப் படங்களே பேச்சு. “நீ எங்க பண்ணப் போற? லங்காவியா, பாலியா?” என்று எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். என்னிடம் தொலைபேசியில் சொன்னாள்: “அண்ணே, எனக்கும் டெஸ்டினேஷன் வெட்டிங்தான். எங்க பாட்டி லயத்துல. நாப்பது பேருதான். வருவீங்களா?”

இத்தாலியக் கல்யாணங்கள் இன்று ஒரு பெருந்தொழில். 2017 டிசம்பரில் விராட் கோலியும் அனுஷ்கா சர்மாவும் டஸ்கனியில் மணம் முடித்தார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் தீபிகாவும் ரன்வீரும் கோமோ ஏரிக்கரை மாளிகையில். 2024இல் அம்பானி வீட்டுக் கல்யாணக் கொண்டாட்டம் கப்பலேறி போர்டோஃபினோ துறையில் போய் முடிந்தது. அமால்ஃபிக்கு மேலே மலையில் இருக்கும் ரவெல்லோவில் வில்லா சிம்ப்ரோனே என்ற தோட்ட மாளிகை உண்டு. பளிங்குத் தலைச்சிலைகள் வரிசையாக நிற்கும் அதன் மாடத்தில் நின்றால் காலுக்குக் கீழே கடல். அங்கே போகும் ஜோடிகள் காசு கொடுப்பது சாப்பாட்டுக்கும் அறைக்கும் மட்டுமில்லை. தங்கள் தோளுக்குப் பின்னால் என்ன தெரிய வேண்டும் என்பதற்கும்தான். மலை, எலுமிச்சைத் தோட்டம், நீலக்கடல் எல்லாம் பின்னணிக்கு வாங்கியவை. சுங்கை ரம்பாய்க்குப் போகும் வழியெல்லாம் இந்தப் பின்னணி விஷயமே மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

ஊரை விட்டுக் கிளம்புமுன் ஜாலான் துக்காங் எமாஸில் இருக்கும் பொய்யாத விநாயகர் கோயிலில் ஒரு தேங்காய் உடைப்பது என் வழக்கம். டச்சு அரசு தெய்வநாயகம் செட்டிக்குக் கொடுத்த நிலத்தில் 1781இல் எழுந்த கோயில் இது. சில அடிகள் தள்ளி 1748ஆம் ஆண்டுப் பள்ளிவாசல், அதைத் தாண்டி 17ஆம் நூற்றாண்டுச் சீனக்கோயில். விநாயகர் மலாக்கா செட்டிகளுக்கு உரியவர். 1511இல் போர்த்துகீசியர் வருவதற்கு முன்பே, சுல்தான்களின் காலத்தில், சோழமண்டலக் கரையிலிருந்து வணிகம் செய்ய வந்து இங்கேயே பெண்ணெடுத்துத் தங்கியவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். வீட்டில் பேசுவது மலாய், பெண்கள் உடுத்துவது கெபாயா, கும்பிடுவது மாரியம்மனை. அவர்கள் வீட்டுக் கல்யாணங்களைக் காஜா பெராங் கம்பத்தில் எடுத்திருக்கிறேன். தாலி நம் தாலிதான். தலையலங்காரத்தைப் பார்த்தால் பாபா சீனர் வீட்டுப் பெண்ணோ என்று தோன்றும்.

ஆக இந்தச் சின்ன மாநிலத்துக்குத் தமிழர்கள் இரண்டு தடவை வந்திருக்கிறார்கள். பாய்மரம் ஏறி வந்தவர்களுக்கு நகரத்தில் கோயில், தெரு, ஐக்கிய நாடுகள் சபையின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 2008இல் இடம்பிடித்த ஊரின் பெருமை எல்லாம் உண்டு. கங்காணியின் பின்னால் கப்பலேறி வந்தவர்களின் அடையாளத்தைத் தேட வேண்டுமானால் தோட்டங்களுக்குத்தான் போக வேண்டும்.

தெற்கே போகும் கடலோரச் சாலை அவசரப்படாத சாலை. உஜோங் பாசிரில் போர்த்துகீசியக் குடியிருப்பு, ஜூன் கடைசியில் படகுகளை அலங்கரித்து சான் பெட்ரோ விழா கொண்டாடும் மீனவர்கள். பிறகு உம்பாய். பொழுது சாய்ந்தால் சுட்ட மீன் வாசனை சாலைவரை வரும். இடையிடையே மலாக்காப் பாணி மலாய் வீடுகள்; பூவேலை செய்த ஓடுகள் பதித்து வளைந்து இறங்கும் படிக்கட்டுதான் அவற்றுக்கு அழகு. வலப்பக்கம் கடல் எட்டிப் பார்த்து ஒளிந்துகொள்ளும். மலாக்கா நீரிணையின் கடலை நம்பிப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே அலை அடிக்காது, தண்ணீர் நீலமாக இருக்காது. வற்றினால் சேறு, ஏறினால் தேநீர் நிறம். சேற்றில் காண்டா மரங்களின் வேர்கள் கவிழ்த்த கூடைகளாக நிற்கும்.

செர்க்காம் கடந்து மெர்லிமாவை அடுத்து பெங்ஹுலு அப்துல் கனியின் வீடு. 1894இல் கட்டியது. மரச்செதுக்கல்களும் வண்ண ஓடுகளும் இன்றும் பளிச்சென்று இருக்கின்றன. அந்த வீட்டில் ஆட்கள் குடிபுகுந்து அதிக நாள் ஆகாத சமயத்தில், 1896இல், இதே மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் என்ற சீன வணிகர் ரப்பர் கன்றுகளை நட்டார். தாவரவியலாளர் ரிட்லி ஊர் ஊராக விதையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கெஞ்சியபோது செவிசாய்த்த முதல் முதலாளி அவர். அடுத்து புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம். மலாயாவில் வியாபாரத்துக்காக வளர்த்த முதல் பால்மரம் இந்த மண்ணில்தான் வேர்விட்டது. அந்த மரத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. சேலம், திருச்சி, தஞ்சாவூர், வட ஆர்க்காடு என்று கங்காணிகள் ஊருக்குள் நுழைந்தார்கள். உதவி கொடுத்துக் கூலிகளை அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்தியபோது, நம் முன்னோர்கள் இங்கே பிள்ளை பெற்று, சாமி வைத்து, வேர்பிடித்துவிட்டார்கள்.

மெர்லிமாவைத் தாண்டினால் இருபுறமும் செம்பனை. பால்மரக் காட்டுக்கும் செம்பனைக் காட்டுக்கும் என்ன வேறுபாடு என்று ஒரு படக்காரனைக் கேட்டால் வெளிச்சம் என்பான். பால்மரம் உயர்ந்து மெலிந்து நிற்கும். இலைகளின் இடுக்கில் ஒளி சொட்டுச் சொட்டாக இறங்கும். இலையுதிரும் மாதங்களில் காடே திறந்துகொள்ளும். செம்பனையில் மட்டைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். நண்பகலில்கூட உள்ளே அந்தி. பழைய தோட்டத்துக் கல்யாணப் படங்களில் மணமக்களுக்குப் பின்னே கோடு போட்டதுபோல் மரங்கள் போய்க்கொண்டே இருக்கும், அடிவானம் தெரியும். இன்றைய படங்களில் ஒரு பச்சைச் சுவர்.

சுங்கை ரம்பாய் சிறிய டவுன். கடைவரிசை, காப்பிக்கடை, மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறை, கறுத்த மரப்பலகைகள் வைத்த பழைய மாடிக்கட்டடங்கள். அங்கே ஒரு வயதான சீனரைப் பார்க்கச் சொல்லியிருந்தாள் மணப்பெண். அவளுடைய பாட்டியின் கல்யாணத்தைப் படம் எடுத்தது அவருடைய அப்பா, அம்மாவின் கல்யாணத்தை எடுத்தது இவர். ஸ்டூடியோ மூடிப் பல காலம் ஆகிவிட்டது. மகன் அதே கடையில் தொலைபேசி அட்டை விற்கிறான். “வாங்க தம்பி, பசியாறிட்டீங்களா?” என்று தமிழில்தான் வரவேற்றார். தோட்டத்துக்காரர்களோடு வியாபாரம் செய்த குடும்பம். தமிழ் அவருக்குக் கடைமொழி.

இரட்டை லென்ஸ் யாஷிக்காவை மோட்டார் பெட்டியில் வைத்துக்கொண்டு போவாராம். ஒரு சுருளில் பன்னிரண்டு படம். கல்யாணத்துக்கு ஒரு சுருள், வசதி இருந்தால் இரண்டு. அதனால் எதை எடுப்பது என்பது முன்கூட்டியே முடிவாகிவிடும். மாலை மாற்றும்போது ஒன்று, தாலி கட்டும்போது ஒன்று, பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், மாமன்மார், கிராணி ஐயாவோடு ஒன்று, லயத்துச் சனம் எல்லாரும் சேர்ந்து ஒன்று. “கிராணி படம் முக்கியம் தம்பி. அவர்தான் முன்பணம் குடுப்பாரு” என்று சிரித்தார்.

லயத்து அறைக்குள் வெளிச்சம் போதாது. எனவே நாற்காலிகளை வாசலில் போடச் சொல்வாராம். வாசலில் உட்கார வைத்தால் பின்னால் வீடு விழும். மண்ணெண்ணெய் டின், துணிக்கொடி, கோழிக்கூண்டு, பக்கத்து வீட்டுக் கிழவி எல்லாம் தானாக வந்து விழும். ஸ்டூடியோவுக்கே வந்து எடுத்துக்கொள்ளும் ஜோடிகளுக்கு மட்டும் வேறு மரியாதை. அவர்களுக்காகப் பின்னால் தொங்கவிட்டிருந்த வரைந்த துணியை இன்னும் சுருட்டி வைத்திருக்கிறார். பிரித்துக் காட்டினார். பளிங்குக் கைப்பிடிச்சுவர், வளைந்து ஏறும் படிக்கட்டு, பூந்தொட்டி, தூரத்தில் நீல நீர், அதில் வெண்பாய்ப் படகு. ஐரோப்பாவின் எந்த ஊர் என்று வரைந்தவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் ரவெல்லோ மாடத்தைப் பார்த்தவர்களுக்கு அது அந்நியமாக இருக்காது. பால்வெட்டி நாள்கூலி வாங்கிய ஒரு ஜோடி, ஞாயிற்றுக்கிழமை பவுடர் பூசி, இரவல் கோட்டு மாட்டி, இந்தத் துணிக்கு முன்னால் நின்றிருக்கிறது. இத்தாலியக் கடற்கரை சுங்கை ரம்பாய்க்கு அப்போதே வந்துவிட்டது.

தோட்டத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். செம்மண் பாதை முடியும் இடத்தில் மாரியம்மன் கோயில், அதன் எதிரே திடல், திடலைத் தாண்டி இரண்டு வரிசை லயம். முன்பு நூறு குடும்பங்களுக்கு மேல் இருந்த இடம். இப்போது தமிழ்க் குடும்பங்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். மற்ற வீடுகளில் வங்காளதேசத்து, இந்தோனேசிய ஆட்கள். பாட்டியின் மகன் தோட்டத்து லோரி ஓட்டுவதால் அவருக்கு இந்த வீடு இன்னும் மிஞ்சியிருக்கிறது.

மலாயா சுதந்திரம் அடைந்த காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றன. அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் ஊர் ஊராகப் போய், தொழிலாளியின் சேமிப்பைப் பங்காகத் திரட்டி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்தத் துண்டாடலுக்கு எதிராகத்தான். அது சில தோட்டங்களைக் காப்பாற்றியது. பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை கைகள் தேவையில்லை. நகரத்தை ஒட்டிய தோட்டங்கள் குடியிருப்புத் தாமான்களாக, கோல்ஃப் திடல்களாக மாறின. வேலை போனவனுக்கு வீடும் போயிற்று, ஏனென்றால் வீடு என்றுமே அவனுடையதாக இருந்ததில்லை. என்னுடைய ஊரே அப்படித்தான் போனது. பிறந்த லயம் இருந்த இடத்தில் இன்று ஒரு பேரங்காடியின் வாகன நிறுத்துமிடம்.

நான் போய்ச் சேர்ந்தபோது பந்தக்கால் நட்டாயிற்று. இளைஞர்கள் தென்னங்கீற்றைக் கிழித்துத் தோரணம் பின்னிக்கொண்டிருந்தார்கள். குருவியும் வெட்டுக்கிளியுமாய் ஓலையில் முடையும் அந்தக் கை இந்த நாட்டுத் தோட்டங்களில் இன்னும் மறக்கவில்லை. வாழைமரத்தை வாசலில் கட்ட வங்காளதேசத்து ஆட்கள் ஏணி பிடித்தார்கள். கோயிலுக்குப் பின்னால் கல்லடுப்பில் பெரிய கவா ஏறியிருந்தது. எரிந்தது காய்ந்த பால்மரக் கட்டை. எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டேன். “ஆத்தோரமா நாலு மரம் சாயாம நின்னுச்சு” என்றார் சமையல்காரர்.

சாயங்காலம் நலங்கு. நகரத்து மண்டபங்களில் நலங்கு என்பது மஞ்சள் உடை, மஞ்சள் பூ, ஒத்திகை பார்த்த ஆட்டம் என்று ஆகிவிட்டது. இங்கே ஒரு மணை, மஞ்சள் கிண்ணம், சந்தனம், ஆளுக்கொரு பூ. மாமியார் முறை ஆகப்போகிறவள் கன்னத்தில் மஞ்சளைத் தடவ, பின்னாலிருந்து ஒரு கிழவி, “கழுத்துக்கும் போடுடி, கஞ்சத்தனம் பண்ணாத” என்று அதட்டினாள். ஒரே ஒரு குழல்விளக்கு. தகரக்கூரையின் அடியில் பிளாஷ் அடித்தால் ஒளி எங்கும் பட்டுத் திரும்பாது. மேலே இருட்டுக்குள் போய்விடும். விளக்கை அணைத்துவிட்டு வாசல்வழி வந்த கடைசி வெளிச்சத்திலேயே எடுத்தேன்.

இரவு, பாட்டி பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். தோட்டத்து வீடுகளில் அது ஆவணக்காப்பகம். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், சேமநிதிக் கடிதம், எல்லாவற்றுக்கும் அடியில் படங்கள். மூன்று கல்யாணங்களை வரிசையாகப் பரப்பினோம். பாட்டியின் கல்யாணம், 1960களில், கறுப்பு வெள்ளை. வெள்ளிச் சத்தில் பதிந்த படம் என்பதால் இன்றும் கத்திபோல் கூர்மை. பின்னால் நிற்கும் பையனின் சட்டைக் கிழிசல்கூடத் தெரிகிறது. அம்மாவின் கல்யாணம் வண்ணப்படம். அந்தக் காலத்து வண்ணத்தாளில் நீலச்சாயம் முதலில் சாகும். மிச்சமெல்லாம் செம்மண் நிறத்துக்கு இறங்கிவிட்டது. ஒட்டும் பிளாஸ்டிக் தாள் ஆல்பத்தில் வைத்ததால் பசை மஞ்சளாகி முகங்களைப் பிடித்துக்கொண்டது. சித்தியின் கல்யாணம் குறுந்தட்டில் இருந்தது. எந்தக் கணினியிலும் திறக்கவில்லை. எது புதியதோ அது முதலில் அழிந்திருந்தது.

பாட்டியின் பெற்றோருக்குக் கல்யாணப் படம் கிடையாது. 1942 ஜனவரியில் ஜப்பானியப் படை இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் மூவார் ஆற்றைக் கடந்தது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள், திரும்பாதவர்கள் ஏராளம். அந்த வருடங்களுக்கு எந்த டின்னிலும் படம் இல்லை.

பாட்டியின் படத்துக்குப் பத்திரமும் கிடையாது. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைக் கட்டாயம் பதிய வேண்டும் என்ற 1976ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1982 மார்ச் முதல் தேதி. அதற்கு முன் கோயிலில் கட்டிய தாலியும் கூடிய சனமும்தான் சாட்சி. 1929 டிசம்பரில் பெரியார் மலாயா வந்துபோன பிறகு, ஐயர் இல்லாமல் மாலை மாற்றிச் சொற்பொழிவோடு முடித்த சீர்திருத்தத் திருமணங்களும் தோட்டங்களில் நடந்தன. அவற்றுக்கும் அதே சாட்சிதான். சட்டம் வந்த பிறகும் பதியாமல் விட்ட குடும்பங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. பதியாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளையின் குடியுரிமை தாயைப் பொறுத்தே முடிவாகும். தாயிடம் பத்திரம் இல்லாவிட்டால் பிள்ளைக்கு நாடே இல்லை. பதிவு அலுவலகத்தில் கல்யாணப் படத்தை நீட்டி, “இதோ பாருங்க, தாலி கட்றாரு” என்று வாதாடிய ஒரு தகப்பனைக் கிள்ளானில் பார்த்திருக்கிறேன். அதிகாரி படத்தைப் பார்த்தார், பாரத்தைப் பார்த்தார், பாரத்தைத்தான் நம்பினார்.

டின்னில் இன்னொன்றும் இருந்தது: பாட்டியின் கல்யாண மொய் நோட்டு. நீலக்கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. ஒவ்வொரு பேருக்கும் நேரே தோட்டத்தின் பேர், அப்புறம் தொகை. இரண்டு வெள்ளி, ஒரு வெள்ளி, ஐம்பது காசு. ஜாசின், மெர்லிமாவ், தங்காக், மூவார் வட்டாரத்துத் தோட்டங்கள் அத்தனையும் பக்கம் பக்கமாக வருகின்றன. விரலால் தொட்டுத் தொட்டு பாட்டி சொல்லிக்கொண்டு போனார்: “இது இப்ப இல்ல. இது தாமான் ஆயிருச்சி. இது இருக்கு, ஆனா நம்மாளுங்க இல்ல.” எந்த வரைபடத்திலும் கிடைக்காத ஒரு தமிழ் நாடு அந்த நோட்டில் இருந்தது.

முகூர்த்தம் காலை ஏழரைக்கு மேல். தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னே தள்ளியதும் அதே 1982இல்தான், ஜனவரி முதல் நாள். அதனால் இங்கே சூரியன் ஏழு மணிக்குத்தான் எழுகிறது. நிலநடுக்கோட்டுக்கு இரண்டு பாகை வடக்கே இருக்கும் ஊர் இது. எழுந்த சூரியன் செங்குத்தாக ஏறிவிடும். நாற்பதாம் பாகைக்கு அப்பால் இருக்கும் அமால்ஃபியில் கோடைச் சூரியன் சாய்ந்து சாய்ந்து இறங்க, தேன் நிற வெளிச்சம் நெடுநேரம் நிற்கும். அங்கே படம் எடுப்பவன் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வரலாம். சுங்கை ரம்பாயில் நல்ல வெளிச்சத்துக்கு ஆயுள் குறைவு. எட்டரை தாண்டினால் நெற்றியும் மூக்கும் வெளுத்து, கண் குழிக்குள் போய்விடும்.

ஒரு சின்னப் பிரச்சினை. உறவுக்காரப் பையன்கள் நகரத்திலிருந்து வாடகைக்கு ஒரு பிளாஸ்டிக் பூச்சுவரைக் கொண்டுவந்து, மணமேடைக்குப் பின்னால், லயத்தை மறைத்து நிறுத்திவிட்டார்கள். நல்லெண்ணம்தான், பழைய வீடு படத்தில் விழுந்தால் வெட்கம் என்று நினைத்திருக்கிறார்கள். மணப்பெண் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டிதான் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “வீடு எங்கடா?” என்றார். பூச்சுவர் கோயில் ஓரத்துக்கு நகர்ந்தது. அங்கே நாள் முழுக்க எல்லாரும் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

இன்றைய கல்யாணப் படக்காரனின் முதல் ஆயுதம் அகலமாகத் திறக்கும் லென்ஸ். எஃப் 1.4 என்று வைத்தால் முகம் மட்டும் கூராக நிற்கும். பின்னால் உள்ளதெல்லாம் கரைந்து குழம்பாகிவிடும். மண்டபத்தில் அது வசதி, அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது. திறன்பேசிகளும் இப்போது அந்த மங்கலைக் கணக்குப் போட்டுச் செய்கின்றன. கூடவே தோலையும் வெளுத்துத் தருகின்றன. அந்தப் பழக்கமும் புதிதில்லை. கோடாக் நிறுவனம் பல காலம் தன் வண்ண அச்சின் அளவுகோலாக வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தையே வைத்திருந்தது. நம் கறுப்பு அந்தத் தாளில் சேறாக விழ, கடைக்காரர்கள் வெளுக்க வைத்துக் கொடுத்தார்கள், நாமும் வாங்கிக்கொண்டோம். அன்று துவாரத்தை எஃப் 8க்குச் சுருக்கினேன். முப்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ். மாப்பிள்ளையின் காதோரத்து வியர்வை எவ்வளவு தெளிவோ, பத்தடி பின்னாலிருந்த ஜன்னல் கம்பியும் அவ்வளவு தெளிவு.

நாற்பது பேர் கல்யாணத்தில் ஒளிய இடமில்லை. ஆயிரம் பேர் கூடும் மண்டபத்தில் படக்காரன் ஒரு மேசை நாற்காலி. யாரும் கவனிக்க மாட்டார்கள். இங்கே நான் நகர்ந்தால் எல்லாரும் பார்க்கிறார்கள், இலை போட்டால் என்னையும் கூப்பிடுகிறார்கள், தாம்பாளத்தைப் பிடிக்கச் சொல்கிறார்கள். ஓமப்புகை பந்தல் கீற்றின் ஓட்டைகளில் நுழைந்த வெயிலைக் கோடு கோடாகக் காட்டியது. உறுமி ஒன்று, தவில் ஒன்று, அவ்வளவுதான் மேளம். தாலி கழுத்தில் ஏறியபோது குலவை போட்டவள், நேற்று கஞ்சத்தனம் என்று அதட்டிய அதே கிழவி.

அம்மி மிதிப்பதற்கு மண்டபங்களில் பூ ஒட்டிய சின்னக் கல் ஒன்று வாடகைக்கு வரும். இங்கே வந்தது பாட்டியின் அம்மி. நடுவே குழிந்து, ஓரத்தில் ஒரு மூலை உடைந்து, முந்தின நாள் மிளகாய் அரைத்த சிவப்பு இன்னும் முழுதாகப் போகாத கல். மாப்பிள்ளை பெண்ணின் காலைத் தூக்கி வைத்தபோது அவள் குழியிலேயே பாதத்தைப் பதித்தாள். ஐயர் அருந்ததி காட்டக் கையை உயர்த்திய திசையில் தண்ணீர்த்தொட்டி, அதன் மேலே ஏறி உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் மூன்று வங்காளதேசத்து இளைஞர்கள். அருந்ததியைப் பகலில் யார் கண்டார்கள்? படத்தில் அவர்கள்தான் இருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவர் சாப்பாட்டுக்குப் பிறகு தயங்கித் தயங்கி வந்து, மலாயில், தன்னை ஒரு படம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். மனைவிக்கு அனுப்ப வேண்டுமாம். எங்கே நிற்கிறீர்கள் என்றேன். சுற்றிப் பார்த்துவிட்டு, வாழைமரமும் தோரணமும் மணமேடையும் தெரியும்படி நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அவருடைய படத்துக்கு எங்கள் கல்யாணம் பின்னணி. நூறு வருடத்துக்கு முன் நம் ஆள் ஒருவன் துரை பங்களாவுக்கு முன்னால் இப்படி நின்று ஊருக்குப் படம் அனுப்பியிருப்பான். அவருக்கும் எஃப் 8தான்.

பிற்பகலில் மாப்பிள்ளை ஆசைப்பட்டதால் கெசாங் ஆறு கடலில் சேரும் பக்கமாகப் போனோம். அக்கரை ஜோகூர். தண்ணீர் வற்றியிருந்தது, சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தன மீன்பிடிப் படகுகள். மணப்பெண் கூறைப்புடவையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு படகுத்துறையின் பலகைகளில் நடந்தாள். “அமால்ஃபி எப்படிண்ணே?” என்று சிரித்தாள். வலை உலர்த்திக்கொண்டிருந்த மலாய்ப் பெரியவர், புதுமணப்பெண்ணுக்கு என்று ஒரு கொத்து நண்டைக் கட்டிக் கொடுத்தார். பட்டுப்புடவையும் நண்டுமாக ஒரு படம் அமைந்தது. இத்தாலியில் கிடைக்காது.

படங்களைத் தேர்ந்தெடுக்க வீட்டார் கூடியபோது ஒன்றைக் கவனித்தேன். இளையவர்கள் தங்கள் முகத்தைத் தேடினார்கள். பாட்டி ஒவ்வொரு படத்திலும் மணமக்களின் தோளுக்கு மேலே பார்த்தார். அது யார் வீட்டு வாசல், அந்த மாமரத்தை நட்டது யார், அடைத்த கதவுக்குள் முன்பு யார் குடும்பம் இருந்தது என்று சொல்லிக்கொண்டே போனார். நான் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டேன். தோட்டத்தை விற்கப் பேச்சு நடக்கிறது. வாங்குகிறவர் லயத்தை வைத்திருக்கப் போவதில்லை. அதன்பின் இந்தத் தோட்டத்தின் கதையைச் சொல்ல மிஞ்சப்போவது கம்பெனியின் கணக்குப் புத்தகமும் இந்த வீட்டுக் கல்யாணப் படங்களும்தான். கணக்குப் புத்தகத்தில் எத்தனை டன் பால் என்று இருக்கும். வாசலில் யார் கோலம் போட்டார்கள் என்று இருக்காது.

நம் வீடுகளில் இருக்கும் பிஸ்கட் டின்களை இந்த வாரம் திறந்து பாருங்கள். ஒட்டும் ஆல்பத்தில் சிக்கிய படங்களை ஒவ்வொன்றாகப் பக்குவமாக எடுத்து, அமிலமற்ற காகித உறைக்கு மாற்றுங்கள். பின்புறத்தில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். மணமக்களின் பெயர் எப்படியும் யாருக்காவது தெரிந்திருக்கும். எழுத வேண்டியது மற்றவை: எந்தத் தோட்டம், எந்த வருடம், பின்னால் தெரியும் வீடு யாருடையது, ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்பவர் யார். சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். நீங்கள் ஆள்வைத்துப் படம் எடுப்பதாக இருந்தால், வருபவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: பின்னால் இருப்பதை மங்கலாக்க வேண்டாம்.